அதிகாரம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம்

குடும்பத்தில் வரவு செலவை ஒருவர் தீர்மானிக்க, கடன்காரனுக்குப் பதில் சொல்ல இன்னொருவர் வாசலில் வந்து நிற்பது நாம் பார்க்காத காட்சியல்ல. ஒரு தேசம் அதையே தன் அரசியல் சட்டமாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

பிரான்ஸில் 1958-இல் டிகால் கொண்டுவந்த சட்டப்படி ஜனாதிபதியும் உண்டு. பிரதம மந்திரியும் உண்டு. அந்த ஜனாதிபதி நம் ராஷ்டிரபதியைப் போன்றவர் அல்லர். 1962-இல் செய்த திருத்தத்தின்படி மக்களே நேராக ஓட்டளித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதம மந்திரியை நியமிப்பவர் அவர். பார்லிமெண்டின் கீழ்ச் சபையைக் கலைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் தேசத்தின் கொள்கையை வகுத்து நடத்துவது மந்திரி சபை என்கிறது சட்டம். கொள்கை பிடிக்காவிட்டால் சபை கவிழ்க்கக்கூடியதும் மந்திரி சபையைத்தான். ஜனாதிபதியை அப்படி வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இருவரும் ஒரே அணியினராக இருந்துவிட்டால் எழுத்து ஒன்று, நடப்பு ஒன்று. 1972 மே மாதம் பிரதம மந்திரி ஷாபான் டெல்மாஸ் சபையின் நம்பிக்கையைக் கோரினார். ஆதரவாக 368 ஓட்டு, எதிராக 96. ஜூலையில் ஜனாதிபதி பாம்பிடூ அவரை விலகச் சொன்னார், அவரும் விலகினார். பிரதம மந்திரி தாமாக ராஜிநாமா கொடுத்தாலன்றி அவரை நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்குச் சட்டத்தில் இல்லை. இருந்தும், சபை வேண்டும் என்றவர் போனார்!

1986-இல் நிலைமை மாறியது. சோஷலிஸ்டான மித்தரான் ஜனாதிபதி. தேர்தலில் வென்ற வலதுசாரிகளின் தலைவர் ஷிராக் பிரதம மந்திரி. அரசாங்கத் தொழில்களைத் தனியாருக்கு விற்கும் அவசர ஆணையில் கையெழுத்திட மித்தரான் மறுத்தார். ஷிராக் அதையே மசோதாவாக்கிப் பார்லிமெண்டில் நிறைவேற்றிக்கொண்டார். எது யாருடைய செயல் என்று ஜனங்களுக்கு ஐயமே இருக்கவில்லை. நண்பர்களிடையே உறங்கிக் கிடந்த சட்டம் எதிரிகளிடையே விழித்துக்கொண்டது.

அப்படியானால் பகைமைதான் நல்லாட்சிக்குக் காவலா? அதற்கும் மேலான காவல் ஒன்று உண்டு. 1969-இல் மேல் சபையையும் பிராந்திய நிர்வாகத்தையும் மாற்றியமைக்க டிகால் மக்களின் சம்மதம் கேட்டார். தோற்றார். மறுநாளே பதவியை விட்டு விலகினார். விலகும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பிற்பாடு ஜனாதிபதியான ஷிராக், 1997-இல் தாமே சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்தி, எதிரணியிடம் தோற்றார். ஆனால் பதவியில் நீடித்தார். ஏழாண்டுக்கென்று மக்கள் கொடுத்த பதவி அது என்று அவர் தரப்பில் சொல்ல நியாயம் உண்டு. சட்டம் இருவரையுமே குற்றம் சொல்லாது.

ஆனாலும் நம் மனம் அவ்விருவரையும் ஒரே தராசுத் தட்டில் வைக்க மறுக்கிறதே, ஏன்? அதிகாரத்தை இருவருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கச் சட்டத்தால் முடிகிறது. பதில் சொல்லும் கடமையோ, அதிகாரத்தை அனுபவித்தவர் தாமே வாசலுக்கு வந்து ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. அதனால்தான் போலும், உள்ளே இருந்துகொண்டு இன்னொருவரை வாசலுக்கு அனுப்புகிறவரை, அவர் எவ்வளவு பெரியவரானாலும், நம்மால் முழு மனத்தோடு மதிக்க முடிவதில்லை.