தேவசேனா: அரிய பெயரா, எங்க ஆயா பெயரா?

ஓம் சரவணபவ.

நான் பல்லாவரத்துக்காரன். சாஃப்ட்வேர் வேலை. எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஒரு மாசமா மனசுல ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வியை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.

எங்க பொண்ணுக்குப் பதினோரு மாசம் முடியப் போகுது. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பெயர் இருக்கு, அம்மா பெயர் இருக்கு, அவ பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலி. தொட்டில் போட்ட அன்னிக்குக் காதுல குலதெய்வத்தின் பேரைச் சொன்னதோட சரி. அப்புறம் "பாப்பா"ன்னு கூப்பிட்டே காலத்தை ஓட்டிட்டோம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு பண்ணலாம். ஒரு வருஷத்துக்குள்ள பெயரைச் சேர்த்தா கட்டணம் இல்லை. அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். தெரியாதவங்களுக்கு உதவட்டும்னு இதையும் சொல்றேன்.

தாமதத்துக்குக் காரணம் நான்தான். என் பெயர் ரொம்ப சாதாரணமான பெயர். பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல நாங்க நாலு பேர். ஆபீஸ்ல சேர்ந்தப்ப அந்தப் பெயர்ல ஏற்கெனவே ஆள் இருந்ததால என் மெயில் ஐடியில ஒரு நம்பரைச் சேர்த்துட்டாங்க. என் பொண்ணு பெயருக்குப் பக்கத்துல நம்பர் வரக்கூடாது, யாருக்கும் இல்லாத பெயரா இருக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

அவ நட்சத்திரம் ரேவதி. முதல் எழுத்து தே, தோ, ச, சி. ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். பெயர், அர்த்தம், எத்தனை எழுத்து, எங்க சொந்தத்துல யாருக்காவது இருக்கா, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம். கடைசியில ஒரு பெயர் எல்லாக் கட்டத்திலயும் டிக் வாங்குச்சு. தேவசேனா. எழுத்து பொருந்துது, முருகன் சம்பந்தம் இருக்கு, சமஸ்கிருதம், கேட்கவே கம்பீரம். 2017-ல வந்த பாகுபலி இரண்டாம் பாகத்தால எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர்தான், ஆனா எங்க தெருவுல ஒருத்தருக்கும் கிடையாது.

அர்த்தமும் அழகு. தேவ, சேனா. தேவர்களின் படை. மகாபாரதத்தின் வன பர்வத்திலேயே ஸ்கந்தன் தேவசேனாவை மணந்த கதை வருது. முருகனை தேவசேனாபதின்னு சொல்றோம் இல்லையா? தேவர் படைக்குத் தலைவன்னும் எடுத்துக்கலாம், தேவசேனாவின் கணவன்னும் எடுத்துக்கலாம். ஒரே சொல்லுக்குள்ள வீரமும் கல்யாணமும் இருக்கு. நம்ம கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்துல, திருமாலின் மகள் அமுதவல்லி சரவணப் பொய்கைக் கரையில தவம் இருந்து, இந்திரன் மகளாகி, ஐராவதம் என்ற யானையால வளர்க்கப்படுறா. தெய்வ யானை வளர்த்ததால தெய்வயானை. அதுவே நம்ம வாயில தெய்வானை. திருமணம் திருப்பரங்குன்றத்துல.

(ஒரு விஷயம். பெயர் ஆப்கள்ல பக்கத்துலயே தேவயானின்னு வரும். அவங்க வேற. சுக்கிராசாரியாரின் மகள், யயாதியின் மனைவி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

இவ்வளவையும் படிச்சிட்டு, அன்னிக்கு ராத்திரி எங்க ஆயாகிட்ட போய்ப் பெருமையா சொன்னேன். "ஆயா, பாப்பாவுக்குப் பேர் கிடைச்சிடுச்சு. தேவசேனா."

ஆயா முறத்துல இருந்து தலையைத் தூக்கல. "அது என் பேருதானடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆயா பேரு தெய்வானை. ரேஷன் கார்டுல பார்த்திருக்கேன். கோயில்ல குருக்கள் "வள்ளி தேவசேனா சமேத"ன்னு சொல்லி ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். ரெண்டும் ஒரே தாயார்னு தெரியாம இல்லை. ஆனா ஆயாவை எல்லாரும் ஆயான்னே கூப்பிடுறதால, என் மனசு அந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. என் எக்ஸெல்ல "சொந்தத்துல யாருக்காவது இருக்கா" என்ற காலத்துல நான் தைரியமா "இல்லை"ன்னு போட்டிருந்தேன்.

அதைவிட மோசம், அடுத்த நொடி எனக்குத் தோணின எண்ணம். "ஐயோ, அப்ப பாப்பாவுக்கு ஆயா பேரா?" சந்தோஷமா தோணல. வெட்கமா தோணுச்சு. இதை எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா எழுதித்தான் ஆகணும்.

அதே அம்மன், அதே மலை, அதே மணவறை. தேவசேனான்னு சொன்னா எனக்குப் பெருமை, தெய்வானைன்னு சொன்னா பட்டிக்காட்டுப் பேர். அப்ப நான் தேடினது தாயார் பெயரையா, இல்ல அந்தப் பெயருக்கு ஊர்ல கிடைக்கிற மதிப்பையா?

இந்த இடத்துல எங்க ஊர் சங்கதி ஒண்ணைச் சொல்லணும். மறைமலை அடிகள் வாழ்ந்த ஊர் பல்லாவரம். இளம் வயசுலேயே திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை பாடினவர். 1916-ல, இங்க அவர் வீட்டுத் தோட்டத்துல மகள் நீலாம்பிகையோட உலாவிக்கிட்டு இருந்தப்ப, வள்ளலார் பாட்டு ஒண்ணைப் பாடியிருக்கார். அதுல தேகம்னு ஒரு சொல். அங்க யாக்கை என்ற தமிழ்ச் சொல் இருந்தா இன்னும் அழகா இருக்குமேன்னு மகள்கிட்ட சொன்னார். தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதையா சொல்லப்படுறது இதுதான். அப்பாவும் பொண்ணும் பேசின பேச்சு.

அதுக்கப்புறம் வேதாசலம் என்ற தன் பெயரை மறைமலைன்னு மாத்திக்கிட்டார். வேதம் மறை, அசலம் மலை. பிள்ளைகள் பெயரையும் மாத்தினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. ஆனா தோட்டத்துல கூட நடந்த மகளை நாம இன்னிக்கும் நீலாம்பிகை அம்மையார்னுதான் சொல்றோம். வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி அகரவரிசை தொகுத்தவங்க அவங்க. அவங்க பெயருக்குள்ளேயே அம்பிகை என்ற வடசொல் உட்கார்ந்திருக்கு.

அவர் செஞ்சதும் நான் செய்யப் பார்த்ததும் பார்வைக்கு ஒரே வேலை. ஒரு பெயரை அதே அர்த்தம் உள்ள இன்னொரு பெயரா மாத்துறது. அவர் போன திசைக்கு நேர் எதிர்த் திசையில நான் போனேன், அவ்வளவுதான். ஆனா திசை முக்கியம் இல்லைன்னு இப்ப நினைக்கிறேன். ஆறுமுகம்னாலும் சண்முகம்னாலும் அவன்தானே வர்றான்? அருணகிரிநாதர் ரெண்டு மொழியையும் ஒரே பாட்டுல கலந்து பாடினவர்தானே? அடிகள் தான் நேசிச்ச ஒண்ணை நோக்கிப் போனார். நான் வெட்கப்பட்ட ஒண்ணுகிட்ட இருந்து ஓடினேன். தப்பு அங்கதான் இருக்கு. பெயரில இல்லை.

அரிய பெயர் வேணும்னு நினைக்கிறதுலயே ஒரு சிக்கல் இருக்கு. டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பதிவுக்கும் யாருக்கும் இல்லாத ஒரு எண் வேணும். பிரைமரி கீன்னு சொல்வோம். மனுஷனுக்கு அந்த வேலையை ஆதாரோட 12 இலக்கம் செய்யுது. பெயரோட வேலை பிரிச்சுக் காட்டுறது இல்லை, கூப்பிடுறது. ஒரு பெயர் அரிதா இருக்குன்னா அதுக்குக் காரணம் மத்தவங்க வைக்காததுதான். அப்ப அரிதாவே இருக்கணும்னு ஆசைப்பட்டா, வேற யாரும் வைக்கக்கூடாதுன்னு ஆசைப்படுறேன்னு அர்த்தம். சாமி பெயர்ல போய் அப்படி ஆசைப்படலாமா? பிள்ளையைக் கூப்பிடுற சாக்குல சாமி பேரைச் சொல்லலாம்னுதானே நம்ம பெரியவங்க தெருவுக்கு நாலு முருகன், நாலு வள்ளின்னு வெச்சாங்க?

சரி, அப்ப தெய்வானைன்னே வெச்சிடலாம், பிராயச்சித்தம் ஆச்சுன்னு நினைச்சேன். அதுக்கும் ஆயாவே தடை.

"வேணாண்டா கண்ணு. பள்ளிக்கூடத்துல யானை வருது, வழி விடுன்னு கத்துவானுங்க. அஞ்சாவதோட நின்னுட்டேன். குழந்தைக்கு அந்தக் கஷ்டம் எதுக்கு?"

இத்தனை வருஷத்துல இதை ஆயா சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. அப்பத்தான் உறைச்சுது. என் வெட்கத்தை மறைக்க ஒரு பெயரைத் தேடினது தப்புன்னா, என் குற்ற உணர்ச்சியைத் தீர்த்துக்க ஒரு பெயரைக் குழந்தை தலையில வைக்கிறதும் தப்புதான். ரெண்டுலயும் நான்தான் இருக்கேன், அவ இல்லை. பெயர் நாம வைக்கிறோம், சுமக்கிறது அவங்க.

"தேவசேனான்னா மட்டும் பசங்க சும்மா விடுவானுங்களா? சேனைக்கிழங்குன்னுவானுங்க"ன்னு ஆயாவே சொல்லிச் சிரிச்சாங்க. என் மனைவி சிரிச்ச சிரிப்புல தூங்கின பாப்பா எழுந்துடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் பம்மல், அனகாபுத்தூர் வழியா குன்றத்தூர் மலைக்குப் போனோம். போனவங்களுக்குத் தெரியும், அங்க சன்னதிக்கு ஒரு பக்கம் நின்னா முருகனோட வள்ளி தெரிவாங்க, இன்னொரு பக்கம் நின்னா தெய்வானை தெரிவாங்க. ஒரே இடத்துல நின்னு ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஆயா பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் நின்னாங்க, அப்புறம் மெதுவா நகர்ந்து அந்தப் பக்கம் போய் நின்னாங்க. தெய்வானை தெரிஞ்ச இடத்துல, "தோ பாரு, நம்ம ரெண்டு பேரு பேரும்"னு பாப்பா காதுல சொன்னாங்க.

அதுக்கு மேல எக்ஸெல் தேவைப்படல. விண்ணப்பத்துல தேவசேனான்னு எழுதிக் கொடுத்துட்டோம். ஆயா இஷ்டப்படி, மனைவி இஷ்டப்படி. நான் ஒரு நிபந்தனையை எனக்கு மட்டும் போட்டுக்கிட்டேன். யார் கேட்டாலும் இது எங்க ஆயா பேருன்னு சொல்லணும்.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்ல ஒருத்தர், "செம பேருங்க, பாகுபலியா?"ன்னு கேட்டார். ஒரு நொடி நாக்கு தயங்குச்சு. உண்மையைச் சொல்றேன், தயங்குச்சு. அப்புறம் சொன்னேன், "இல்லைங்க, எங்க ஆயா பேரு. தெய்வானை." அவர், "ஓ, எங்க அம்மாவோட அம்மாவும் தெய்வானைதான்"னு சொன்னார். அவர் குரல்லயும் அதே ஒரு நொடித் தயக்கம்.

உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பெயர் யாரும் கூப்பிடாம இருக்கலாம். பிள்ளைக்கு அதைத்தான் வைக்கணும்னு நான் சொல்லல. முதல்ல அந்தப் பெயர்க்காரங்க பக்கத்துல போய் உட்கார்ந்து, அந்தப் பெயரோட வாழ்ந்தது எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை கேளுங்க. அப்புறம் ஆப்பைத் திறங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!