இரண்டாவதாக இறங்குபவர்

பாசிர் கூடாங்கின் எண்ணெய்த் தாங்கிகளைக் கழுவவும், ஜொகூரின் செம்பனை ஆலைகளில் கழிவுநீர்த் தொட்டிகளைத் தூர்வாரவும் இறங்குகிறவர்கள் முதலில் பயிற்சி பெற வேண்டும் என்று மலேசியாவில் 2010இல் வெளியான நடைமுறை விதித்தொகுப்பு சொல்கிறது. தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் அந்தப் பயிற்சியை நடத்துகிறது. உள்ளே இறங்குபவருக்கும் வாயிலில் காவல் நிற்பவருக்கும் ஒரு வகுப்பு. காற்றைச் சோதிப்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இன்னொன்று. இவற்றில் மனம் ஏற்க மறுக்கும் பாடம் காவல் நிற்பவருக்கு உரியது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காவல் நிற்பவர் குரல் கொடுக்கலாம், மீட்புப் படையை அழைக்கலாம், விழுந்தவரின் முழு உடல் வாரில் கயிறு பூட்டியிருந்தால் மேலேயுள்ள முக்காலியின் வின்ச்சைச் சுழற்றி இழுக்கலாம். இறங்க மட்டும் கூடாது. துடிக்கும் உயிரைக் கண்டும் வெளியே நிற்பது அறமாகுமா? ஆகும் என்பதே என் முடிவு.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது. காரணம் காற்றில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, அது 19.5க்குக் கீழே போனால் உள்ளே நுழைய அனுமதியில்லை. மூடிய இரும்புத் தொட்டியில் துரு பிடிப்பதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அழுகும் கழிவில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் முட்டை நாற்றம் வீசும். அளவு கூடியதும் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எண்ணி இறங்குபவர் அங்கேயே சாய்கிறார். முதலாமவரை வீழ்த்திய காற்று இரண்டாமவரின் நல்ல மனத்தைப் பார்த்து விலகி நிற்பதில்லை.

புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியைப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். உயிரைப் பணயம் வைக்கத் தயங்குவது கோழைத்தனம் அல்லவா என்று கேட்கலாம். ஆனால் சிபியின் தியாகத்தால் புறா பிழைத்தது. மூச்சுக்கருவி இல்லாமல் தொட்டிக்குள் குதிப்பவரால் விழுந்தவர் பிழைப்பதில்லை. வெளியிலிருந்து உதவி அழைக்க இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறார். சைவ சித்தாந்தம் உயிரின் ஆற்றலை இச்சை, ஞானம், கிரியை என மூன்றாகப் பகுக்கிறது. குதிப்பவரிடம் இச்சை நிறைந்திருக்கிறது, கிரியையும் இருக்கிறது. நடுவே ஞானம் விடுபட்டுப் போகிறது. அந்த இடத்தை நிரப்புவதுதான் பயிற்சி. ஆகவே அதைக் கருணைக்கு எதிரானதாக நான் கருதவில்லை. விழுந்தவரை உண்மையாகவே மீட்க விரும்புபவர், கயிறு பூட்டாமல் அவரை இறங்க விட்டிருக்கவே மாட்டார்.

விதி முடிந்தது, போனார் என்பவர்களும் உண்டு. துக்க வீட்டில் ஆறுதலுக்காகச் சொல்லப்படும்போது அந்தச் சொல்லை நான் மறுக்கமாட்டேன். விசாரணையில் அதையே சொன்னால் மறுப்பேன். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இந்தியாவில் சாக்கடைக் குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அளக்காத காற்றுக்குப் பொறுப்பாளர் இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் மறுப்பு வேறு. பயிற்சி கொடுத்தாயிற்று என்று சொல்லியே முதலாளி பழியைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிட மாட்டாரா? கட்டலாம். சான்றிதழ் சட்டைப்பையில் இருக்க, காற்றளக்கும் கருவி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அந்தப் பயிற்சி வெறும் சடங்கு. வங்காளதேசத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவருக்குப் புரியாத மொழியில் நடந்தாலும் அப்படியே. இதற்காகத்தான் மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கடமையை முதலில் முதலாளி மேல் வைக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக்கியது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தும் முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் அது தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. மாசாய், பாசிர் கூடாங் வட்டாரக் கோயில் நிர்வாகங்கள் இந்த ஆண்டு ஆயுத பூசைக்குக் கூடும் தொழிலாளர்களிடம் இந்த உரிமையைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.