லயத்துக்கு வரும் விடுமுறை

ஒரு வீட்டில் ஒருவருக்கு விடுமுறை கிடைக்கும்போது அந்த வீட்டிலுள்ள ஏனையோருக்கு வேலை குறைகிறதா, கூடுகிறதா என்ற வினா, மேலோட்டமாகக் கேட்போருக்கு அற்பமானதாகத் தோன்றக்கூடுமாயினும், பல்கலைக்கழகத்திலிருந்து மார்கழி மாதத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளாகிய லயத்துக்குத் திரும்பும் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் அதைவிடக் கனமான தர்மப் பிரச்சினை வேறொன்று இல்லை. பருவப் பரீட்சைகளை எழுதி முடித்து, விடுதி அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, துவைக்காத துணிகள் நிறைந்த பையோடு பேராதனைச் சந்தி நிலையத்தில் பதுளை ரயிலை எதிர்பார்த்து நிற்கும் மாணவர், தமக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று மகிழ்வது இயல்பே. பல மாதங்கள் கண்விழித்துப் படித்த இளம் உடம்பு அதைக் கேட்கவும் செய்யும். அந்த ஓய்வு எங்கிருந்து வருகிறது, அதற்கான விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

ரயில் நானுஓயாவைக் கடந்து, இலங்கையின் மிக உயரமான நிலையமாகிய பட்டிப்பொலவின் குளிரில் சற்றே நின்று, எல்லவுக்கு அப்பால் ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது ஊர்ந்து, தெமோதரையில் மலையைச் சுற்றி வந்து தன் பாதைக்குக் கீழே தானே நுழைந்து, 1924 ஆம் ஆண்டு தொட்டு மலைநாட்டுப் பாதையின் முடிவிடமாக விளங்கும் பதுளையைச் சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். அங்கிருந்து பஸ் ஏறி, நமுனுகுல மலைச்சாரலில் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போக வேண்டும். மேலைநாட்டு மாணவர்கள் குளிர்கால விடுமுறை என்று சொல்லும்போது பனி மூடிய வீதியும் கணப்படுப்பும் நினைவுக்கு வருவதுபோல, ஊவாவின் பிள்ளைகளுக்கு மார்கழி என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் கீர்த்தி தேடித் தரும் உலர்ந்த காற்று ஆடி ஆவணியிலேயே வீசி ஓய்ந்துவிட, ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்று மலையை நனைத்தபடியே இருக்கும். இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மண்சரிவு மூடிய பின்னர், அடைமழை பெய்யும் இரவுகளில் மலையடிவார லயங்களில் பெரியவர்கள் நன்றாக உறங்குவதில்லை. மழையின் சத்தத்தையும் அதற்கு அப்பால் வேறு சத்தம் ஏதும் எழுகிறதா என்பதையும் காது கொடுத்துக் கேட்டபடியே படுத்திருப்பார்கள். விடுதியிலிருந்து வந்த பிள்ளை, களைப்பினால் அந்த இரவிலும் அயர்ந்து தூங்குகிறது.

அப்படித் தூங்காத இரவுக்குப் பின்னரும் விடியல் வழக்கம் போலவே வருகிறது. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பஜனை ஆரம்பமாகுமுன்பே தாய் எழுந்து, நனைந்த விறகை ஊதி மூட்டி, தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கொடுத்தால்தான் முழுநாட் சம்பளத்துக்குரிய முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். நீண்ட போராட்டங்களுக்குப் பின்னர் 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோதும், அந்த ஆயிரம் முழுமையாகக் கைக்கு வருவதை இந்தக் கிலோக் கணக்கே தீர்மானித்தது. பிள்ளை வருகிற நாளன்று வீட்டில் நிற்க ஆசைப்படும் தாய் அன்றைய பேரை இழக்கிறாள். 2019 க்கு முந்திய கூட்டு ஒப்பந்தங்களின் காலத்திலோ, வேலை தரப்பட்ட நாட்களில் முக்காற் பங்குக்குக் குறையாமல் போயிருந்தால்தான் வருகைக் கொடுப்பனவு கிடைக்கும் என்ற நிபந்தனை இருந்தமையால், பிள்ளையைக் கண்குளிரப் பார்த்த ஓரிரு நாட்கள் அந்த மாதத்துக் கொடுப்பனவையே தட்டிப் பறிக்கக் கூடியனவாயிருந்தன.

பல்கலைக்கழக விடுமுறை என்ற சம்பிரதாயம் இத்தகைய வீடுகளை மனத்தில் கொண்டு உருவானதன்று. சர் ஐவர் ஜெனிங்ஸை முதல் உபவேந்தராகக் கொண்டு 1942 ஆம் ஆண்டில் அமைந்து, 1952 ஆம் ஆண்டில் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம், மாணவர்கள் தங்கிப் படிக்கும் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களையே தன் மாதிரியாகக் கொண்டது. அங்கே விடுமுறை என்பது வீட்டு நூலகத்தில் அமர்ந்து விட்டுப்போன நூல்களை வாசிப்பதற்கான அவகாசம். வாசிப்பவனுக்குத் தேநீர் கொண்டு வருவதற்கு வேலையாள் இருந்தான். ஆனால் அதே தீவின் வடபாகமாகிய ஸ்கொட்லாந்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பருவத்தின் நடுவே ஒரு திங்கட்கிழமையை விடுமுறையாக விட்டன. ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள் ஊருக்குப் போய், தீர்ந்துபோன ஓட்ஸ் மாவுக்குப் பதிலாகப் புதிய மாவு மூட்டையைச் சுமந்து வருவதற்காக ஏற்பட்ட விடுமுறை என்று சொல்லி, அதை மாவுத் திங்கள் என்றே வழங்கினார்கள். படிக்கும் பிள்ளையின் வயிற்றை ஊரிலுள்ள உழைப்பாளிகளே நிரப்புகிறார்கள் என்ற உண்மையை ஒரு விடுமுறையின் பெயரிலேயே பொறித்து வைத்த சமூகம் அது. ஸ்பிரிங்வெளியிலிருந்து புறப்படும் பையிலும் மாவும் சம்பலும் போகின்றன. மகாபொல உதவித்தொகை 1981 ஆம் ஆண்டு முதல் பல வறிய மாணவர்களைத் தாங்கி வந்திருப்பினும், அதனோடு சேர்த்துக் கொழுந்துக் காசும் போகவே செய்கிறது.

ஆகவே விடுமுறையில் வந்த மாணவரும் கூடையை எடுத்துக்கொண்டு தாயோடு மலைக்குப் போவதே நியாயம் என்று சிலர் வாதிக்கக் கூடும். அந்த வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. எனினும் மலைக்குப் புறப்படும் பிள்ளையைத் தாயே தடுக்கிறாள். “மலைக்கெல்லாம் நீ வர வேணாம் சாமி, போயி படி” என்று அவள் சொல்வதை வெறும் செல்லம் என்று கொள்வது பெருந்தவறு. 1945 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அந்தப் பெரும் பந்தியிலிருந்து விலக்கப்பட்டு, துரைமாரின் தயவிலேயே ஐந்தாம் வகுப்போடு முடங்கிக் கிடந்தன. அரசாங்கம் அவற்றைக் கையேற்றது 1970களிலேதான். அந்த நெடிய காலத்தில், பள்ளி விடுமுறையில் கைக்காசுக்கு என்று மலைக்குப் போன பிள்ளை விடுமுறை முடிந்த பிறகும் மலையிலேயே நின்றுவிட்ட கதை, லயத்துக்கு லயம் நடந்திருக்கிறது. அந்த நினைவே அவளை அப்படிப் பேச வைக்கிறது. தான் ஏறிய மலையில் தன் பிள்ளை ஏறலாகாது என்பது அவள் எடுத்துக்கொண்ட விரதம். அந்த விரதத்தைத் தன் மனச்சாட்சியின் ஆறுதலுக்காக ஒரு வாரம் உடைத்துப் பார்க்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. வீட்டில் மெய்யாகவே பணமுடை இருக்குமானால் நிலைமை வேறு. அப்போது உழைப்பு உழைப்பாகவே இருக்கும், கூச்சத்துக்கும் இடமில்லை, பெருமைக்கும் இடமில்லை. ஆனால் கடன்பட்ட உணர்வைத் தணித்துக்கொள்வதற்காக மட்டும் கூடை சுமப்பவர், தாயின் அன்றாட வாழ்வைத் தமது தியாகத்துக்கு ஒரு மேடையாக்கிவிடுகிறார்.

தானத்தை ஏற்பதும் ஒரு தர்மம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கொடுப்பவரின் கௌரவம் குறையாதபடி வாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். தாய் தரும் விலக்கைப் பிள்ளை பணிவோடு ஏற்றுக்கொள்ளட்டும். அந்த விலக்கின் எல்லை எது என்பதிலேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள்.

மலைக்கு வர வேண்டாம் என்று அவள் சொன்னாளே தவிர, தண்ணீர்ப் பீலிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதைக் கேட்கக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் கொண்ட வீட்டில், தண்ணீர் சுமத்தல், விறகு பிளத்தல், சமைத்தல், கழுவுதல், ஈரத்துணியைப் புகைமேல் கட்டி உலர்த்துதல் ஆகியவை அவள் மலையிலிருந்து திரும்பிய பிறகு தொடங்கும், சம்பளமில்லாத இரண்டாவது நாள்வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பது தோட்டங்களில் 1984 ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் ஆண்களின் வேலை பெரும்பாலும் பிற்பகலின் தொடக்கத்தில் முடிந்துவிட, கொழுந்து பறிக்கும் பெண் மாலையில் கடைசி நிறுவை முடியும் வரை நின்று, அதன் பிறகே வீடு திரும்புகிறாள். சம்பளத்தில் வந்த சமத்துவம் அடுப்படிக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

இங்கே மகனுக்கும் மகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பீடத்தில், ஒரே பரீட்சையை எழுதிவிட்டு, ஒரே ரயிலில் வந்து இறங்கினாலும், மகன் விருந்தினனாகவும் மகள் வேலைக்காரியாகவும் அன்றிரவே பிரிந்துவிடுகிறார்கள். மகன் கைகால் கழுவி இஸ்தோப்பில் அமர்கிறான். தட்டு அவனைத் தேடி வருகிறது. மகளோ பையை மூலையில் வைத்த கணத்திலேயே தாயின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொள்கிறாள். தாய்க்கு ஓய்வு தருகிறவள் பெரும்பாலும் அவள்தான், தன் ஓய்வைக் கொடுத்துத்தான் தருகிறாள். பெட்டியில் கொண்டு வந்த புத்தகங்கள் திறக்கப்படாமலே திரும்பிப் போகின்றன. இவ்வாறு ஒரு பெண்ணின் சுமையை மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டு, வீட்டில் அன்பு நிலவுகிறது என்று சொல்லிக்கொள்வது அதர்மம். மகன் தண்ணீர்க் குடத்தோடு லயத்து வாசலில் நடந்தால் நாலுபேர் சிரிப்பார்கள் என்பது உண்மையே. பட்டப்படிப்புப் படிக்கும் ஒருவனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கும் திராணிகூட இல்லையென்றால், அவன் படித்த படிப்பில் ஏதோ குறை இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியதாகிறது.

லயத்தார் கேட்கும் மற்றொரு கடமையும் உண்டு. “படிச்ச புள்ள வந்திருக்கு” என்ற செய்தி பரவியதும், சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்மார் வந்து, கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுக்கும்படி வேண்டுவார்கள். ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் கற்பித்து அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் போன்றோர் 1960களில் மலைநாட்டு இளைஞரை ஒன்றுதிரட்டிய காலந்தொட்டே, கற்றவர் தம் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற இலட்சியம் இங்கே உயிரோடு இருக்கிறது; அது போற்றத்தக்கது. மாலையில் ஒரு மணி நேரம் அதற்காக ஒதுக்குவது எவருக்கும் இழப்பாகாது. ஆனால் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியரை அனுப்பாத அரசின் கடனை, இப்போதுதான் மேடேறி மூச்சு வாங்கி நிற்கும் இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றி, அதைச் செய்யாவிட்டால் நன்றி கெட்டவர் என்று தூற்றுவது பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கும் உடம்பு இருக்கிறது, அடுத்த பருவமும் இருக்கிறது. ஊருக்குப் பாடம் சொல்லப் போகிறேன் என்று சொல்லி வீட்டுக் குடத்தைத் தங்கையின் இடுப்பில் விட்டுச் செல்பவரும் இல்லாமலில்லை என்பதையும் கூடவே நினைவில் கொள்ள வேண்டும்.

மார்கழி கழிந்து தைப்பொங்கல் வரும். அன்றைக்குத் தோட்டம் முழுவதற்கும் விடுமுறை. ஆட்கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, நிறுவை இல்லை. ஆனால் ஆண்டின் எல்லா நாட்களிலும் அடுப்படியில் மிகுதியாக நிற்க வேண்டிய நாட்களுள் அதுவும் ஒன்றாகையால், தாய்க்கு அது மலையில்லாத வேலைநாளே. முற்றத்தில் மூன்று கல் கூட்டி, விறகு அடுக்கி, பானையை ஏற்றுவதற்கு இரண்டு படித்த கைகள் வீட்டில் இருக்கும் ஆண்டுகள் எத்தனை வரப்போகின்றன? பட்டம் பெற்றதும் கொழும்பிலோ கண்டியிலோ கடல் கடந்த நாட்டிலோ வேலை கிடைத்து அவை போய்விடும். அதற்குப் பின்னர் அனுப்பப்படும் பணம் எவ்வளவு பெரியதாயினும், மழைக்காலத்துக் காலை ஐந்து மணிக்கு அடுப்பை மூட்ட அதனால் முடியாது.

பொங்கல் கழிந்த இரண்டொரு நாளில் பை மறுபடியும் கட்டப்படுகிறது. தேங்காய் துருவி, செத்தல் மிளகாய் வறுத்து, நாள்பட நிற்கும் பக்குவத்தில் சம்பலைக் கிளறிப் போத்தலில் அடைக்க அந்த இரவில் இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். மறுநாள் விடிந்தால் ஒருவருக்கு ரயிலில் ஜன்னலோரம் தலைசாய்த்து உறங்கலாம்; மற்றவருக்குப் படங்கும் கூடையும் காத்திருக்கின்றன. தாயை முன்னதாகவே படுக்கச் சொல்லிவிட்டு, அகப்பையை வாங்கிக்கொண்டு, அந்த அடுப்பின் முன்னால் போகிறவரே அமரலாம். சம்பல் சிறிது தீய்ந்தாலும் விடுதி அறையில் அதை உண்ணப்போகிறவரும் அவர்தாமே.