வாயைத் திற, வளைவு வருகிறது

தம்பி, தங்கச்சி, காலை பஸ்ஸைக் கொஞ்சம் நினைத்துப் பார். மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக வத்தேகமைப் பக்கம் போகிற பாதை. உள்ளே மூச்சுவிட இடமில்லை, மிதிபலகையில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடிக்கிறது, நம் சாரதிக்கு ரோசம் வருகிறது. அடுத்த தரிப்பிடத்தில் நிற்கிறவர்களை யார் ஏற்றுவது என்ற போட்டி. வளைவு வருகிறது, அதற்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. ஓர் அம்மா "முருகா" என்கிறார். பின் சீட்டில் ஒருவர் "யா அல்லாஹ்" என்கிறார். இன்னொருவர் "புது சரணய்" என்று முணுமுணுக்கிறார். மூன்று மதத்துக்கும் கூப்பாடு போய்ச் சேர்கிறது. பத்தடி முன்னால் உட்கார்ந்திருக்கிற சாரதியைத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை?

தைரியம் என்றால் என்ன என்று யாரோ நமக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஹெல்மட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, எல்கடுவ ஏற்றத்தில் பைக்கைச் சாய்த்து வளைக்கிற பையனைத் தைரியசாலி என்கிறோம். அதற்கு ஒரு தைரியமும் வேண்டாம். அக்ஸலேட்டரை முறுக்க மணிக்கட்டு இருந்தால் போதும். பஸ் நிறைய ஆட்கள் திரும்பிப் பார்க்க, கொண்டக்டர் முறைக்க, "அண்ணே, மெதுவா போங்க" என்று உரக்கச் சொல்லத்தான் முதுகெலும்பு வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது. அதை எழுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

2025 மே 11, வெசாக்குக்கு முந்தின நாள் விடியற்காலை. கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் ஒன்று கொத்மலை கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு மாதம் ஆகவில்லை. செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் பாதுகாப்பு வேலியைப் பிய்த்துக்கொண்டு கீழே போனது. தங்காலை நகர சபையில் வேலை செய்தவர்களும் அவர்கள் வீட்டாரும் வந்த பயணம் அது. குறைந்தது 15 உயிர்கள். அதற்கு முன்னால் 2021 மார்ச்சில் பசறை, குறைந்தது 14 பேர். 2023 ஜனவரியில் நானுஓயா, ஏழு பேர். இன்னும் பின்னுக்குப் போனால் 2005 ஏப்ரல் 27, பொல்கஹவெல அருகே, ரயில் வருவதற்குள் கடவையைத் தாண்டிவிடலாம் என்று ஒரு பஸ் பாய்ந்தது. 30க்கும் மேற்பட்டோரின் சடலங்களைத் தண்டவாளத்தில் பொறுக்க வேண்டியதாயிற்று. 1880 முதல் மாத்தளை ரயில் ஓடுகிற ஊரில் இருக்கிற நமக்கு அந்தக் கதை தூரத்துக் கதை அல்ல.

இறந்த பயணிகளை நான் குற்றம் சொல்லவில்லை. செத்தவர்மேல் பழி போடுவது ஈனம். உயிரோடு இருக்கிற உன்னையும் என்னையும்தான் கேட்கிறேன். இந்தச் சின்ன நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். செத்த வீட்டுக்குப் போய் நாம் சொல்கிற முதல் வார்த்தை என்ன? "விதி முடிஞ்சது." அடுத்தது, "நேரம் சரியில்ல." மூன்றாவது, "கண்ணூறு." விதி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, வசதிதான். கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துத் தொங்குகின்றன, அதற்குப் பக்கத்திலேயே ஆசனப்பட்டி தூசி பிடித்துக் கிடக்கிறது. எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை, அது உன் நம்பிக்கை. பட்டியையும் போடு என்கிறேன்.

வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதினால் உடம்பு வாங்குகிற அடி, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற அடிக்குச் சமம். அதாவது மூன்றாம் மாடி. 60 என்றால் 14 மீற்றர். வேகம் பத்துக் கூடியதற்கு உயரம் நாலு மீற்றர் கூடிவிட்டது, கவனித்தாயா? வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும். 50இல் போகிற வண்டி ஒரு செக்கனுக்குள் 14 மீற்றர் ஓடிவிடும். ஆட்டைக் கண்டு, "ஐயோ" என்று நினைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் போய்விடுகிறது. பிரேக் பிடிக்க ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். "எனக்குக் கை நல்லா ஓடும், நான் கட்டுப்படுத்துவேன்" என்று மார்தட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு மீற்றர்கூடத் தள்ளுபடி கிடையாது.

முன்பெல்லாம் நம் பாதைகள் குழியும் கல்லுமாக இருந்தன. திட்டினோம், ஆனால் மெதுவாகப் போனோம். இப்போது கார்பட் போட்டிருக்கிறார்கள். பாதை வழுவழுப்பாகிவிட்டது, வளைவு அதே பழைய வளைவுதான். தேயிலையும் மிளகும் ஏற்றி மாட்டுவண்டி போன அகலத்தில் இன்று லொறியும் பஸ்ஸும் ஆட்டோவும் பைக்கும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. நல்ல பாதை கேட்டு வாங்கிய நாம் நல்ல ஓட்டத்தை யாரிடமும் கேட்கவில்லை.

பட்டியின் கதையைச் சொல்கிறேன், கேள். இன்று கார்களில் இருக்கிற, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே வருகிற மூன்று முனைப் பட்டியை 1959இல் கொண்டுவந்தவர் நீல்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். அதற்கு முன் அவர் போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கியெறிந்து காப்பாற்றுகிற ஆசனத்தை வடிவமைத்தவர். மனிதனை வெளியே எறிந்து காப்பாற்றிய அதே மூளை, காரில் மனிதனை உள்ளேயே பிடித்துவைத்துக் காப்பாற்ற யோசித்தது. அவர் வேலை செய்த வொல்வோ நிறுவனம் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. முன் சீட்டில் இருப்பவரின் மரண ஆபத்தைப் பட்டி பாதி அளவு வரை குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் 2011 ஒக்டோபரிலிருந்து சாரதிக்கும் முன் சீட்டுக்காரருக்கும் அது சட்டம்.

நாம் என்ன செய்கிறோம்? பொலிஸைக் கண்டால் பட்டியை இழுத்து மார்பின் குறுக்கே கையால் பிடித்துக்கொள்கிறோம். தாண்டியதும் விட்டுவிடுகிறோம். யாரை ஏமாற்றினாய்? உன் விலா எலும்பை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, "நான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன்" என்கிறாயே, 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதி பத்தில் ஒரு செக்கனில் வண்டி நின்றால் 10 கிலோ பிள்ளை 140 கிலோ பாரத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. அன்பு எவ்வளவு இருந்தாலும் பிடிக்காது. பிள்ளை பின் சீட்டில், அதற்குரிய ஆசனத்தில், பட்டிக்குள் இருக்க வேண்டும்.

ஹெல்மட் சங்கதி இன்னும் வெட்கக்கேடு. தகப்பன் தலையில் ஹெல்மட், தாய் தலையில் பெயருக்கு ஒன்று, நடுவில் நசுங்குகிற பிள்ளைகளுக்கு வெறுந்தலை. தாடைப் பட்டி பூட்டாமல் தொங்குகிறது. பூட்டாத ஹெல்மட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும், தலை தனியாக வீதியைச் சந்திக்கும். ஒழுங்காகப் போட்ட ஹெல்மட் மரண ஆபத்தைச் சுமார் 40 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 70 சதவீதமும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டைலாகத் தலை சீவிக்கொண்டு போகிற தம்பி, அந்த முடி இருக்கிற தலையை முதலில் வைத்துக்கொள்.

"மெதுவாகப் போனால் ஆம்பிளையா?" என்று சிநேகிதன் கேட்கிறானா? அவனை உக்குவளை மின்நிலையத்துக்குக் கூட்டிப்போ. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் 8 கிலோமீற்றர் சுரங்கம் வெட்டி இங்கே கொண்டுவந்தார்கள். 1976 முதல் அந்தத் தண்ணீர் விசையாழியைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, சுது கங்கையில் இறங்கி வடக்கே வயல்களுக்குப் போகிறது. கட்டுக்கு அடங்கியதால் மகாவலி பலவீனமாகிவிட்டதா என்று அவனையே கேள். அடக்கத் தெரிந்த வேகத்துக்குத்தான் பலம் என்று பெயர்.

இனி வாய்க்கு வருவோம். உனக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று எனக்குத் தெரியும். சாரதி சிங்களத்தில் திட்டுவார், பதில் சொல்லத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது இளக்காரமாகப் பார்ப்பார்கள். பெண்பிள்ளை என்றால் "ஒனக்கு என்ன வந்துச்சு" என்பார்கள். தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிக் கொடுத்தது அடங்கியிரு, கண்ணில் படாதே என்பதுதான். கங்காணிக்கு முன்னால் பேசாதே, துரைக்கு முன்னால் பேசாதே. அந்தப் பழக்கம்தான் இன்று பஸ்ஸிலும் உன் தொண்டையைப் பிடிக்கிறது. உதறு அதை! நீ காசு கொடுத்து ஏறியவள். நீ காசு கொடுத்து ஏறியவன். அந்தப் பஸ்ஸில் உன் உயிர் ஓசிச் சாமான் அல்ல. "மல்லி, ஹெமின் யன்ன" என்று சொல்ல பட்டப்படிப்பு வேண்டாம். "அண்ணே, பிள்ளைங்க இருக்காங்க, பார்த்துப் போங்க" என்றால் யாருக்கும் அவமானமும் இல்லை.

சாரதியைப் பகைவனாகப் பார்க்காதே. அவரும் நாள் முழுக்க வருமானக் கணக்குக்குப் பயந்து ஓட்டுகிற மனிதர்தான், அவருக்கும் வீடு இருக்கிறது. அதனால் மரியாதையாகச் சொல், உறுதியாகச் சொல். முதல் தடவை சொல்கிறவரைப் பார்த்துக் கொண்டக்டர் சிரிப்பார். "பயமா இருந்தா இறங்கிப் போங்க" என்பார். அந்த நேரத்தில்தான் இரண்டாவது குரல் வேண்டும். யாரோ ஒரு கிழவி தனியாகப் பேசிவிட்டுக் கூனிக் குறுகி நிற்கும்போது, "அம்மா சொல்றது சரிதானே" என்று நீ எழு. நானாவும் எழுவார், பின் சீட்டு அய்யாவும் எழுவார். ஒரு குரலைச் சிரித்து ஒதுக்கலாம், பத்துக் குரலைச் சுமந்துகொண்டு எந்தச் சாரதியும் வளைவில் முந்த மாட்டார். அப்போதும் கேட்காவிட்டால் பஸ் இலக்கத்தைக் குறித்துக்கொள். மாகாணங்களுக்கிடையே ஓடுகிற பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு அழை, ஆபத்து உடனடி என்றால் பொலிஸின் 119க்கு அழை.

கல்யாண வீட்டிலும் இதே வாய் வேண்டும். குடித்துவிட்டு பைக் சாவியை எடுக்கிற மச்சானிடம் "பார்த்துப் போ" என்று சொல்வது அக்கறை அல்ல, வழியனுப்பு. சாவியைப் பிடுங்கு. திட்டுவான், திட்டட்டும். நாளைக்கு மத்தியானம் தலைவலியோடு எழும்பி வந்து மறுபடி திட்டுவான். திட்டுவதற்கு அவன் இருப்பான்.

மோதல் நடந்துவிட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் அடங்கு. ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது நம் வழக்கம். நல்ல மனசுதான், ஆனால் கழுத்தோ முதுகோ உடைந்தவரை அந்த நல்ல மனசே படுக்கையில் போட்டுவிடும். தீயோ வேறு வண்டி மோதும் அபாயமோ இல்லாவிட்டால் அசைக்காதே. தண்ணீர் ஊற்றாதே. இரத்தம் பாய்கிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடி. 1990க்கு அழை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இன்று ஒன்பது மாகாணங்களிலும் ஓடுகிறது, ஒரு சதமும் கேட்காது. அந்த நான்கு எண்களை உன் பாட்டிக்கும் மனப்பாடமாக்கு.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம் ஊரிலும் தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா தவறாது. கூடாரம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, பெட்டிக்குக் காசு இருக்கிறது. சாவுக்கு இவ்வளவு ஒழுங்காகத் தயாராகிற நாம் சாவைத் தள்ளிப்போட ஒரு கூட்டம் போட்டிருக்கிறோமா? அதே சங்கம், அதே கதிரை, அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கு. எந்த வளைவில் எதிர் வண்டி தெரியவில்லை, எங்கே குவி ஆடி வேண்டும், எந்தப் பாடசாலை வாசலில் மஞ்சள் கடவை அழிந்துவிட்டது, எங்கே பாதுகாப்பு வேலி இல்லை, எந்த ரயில் கடவையில் கேட் இல்லை என்று பெரியவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் சேர்ந்து சொல்லட்டும், ஒரு பிள்ளை எழுதட்டும். மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்று 1997இல் சுவீடன் பாராளுமன்றம் தீர்மானித்து, வீதிகளையே அதற்கேற்ப மாற்ற ஆரம்பித்தது. சாரதியிடம் கேட்கிற அதே வாயால் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். பழியை முழுக்க நம் தலையிலேயே போட்டுக்கொண்டால் வீதி போடுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எழுதியதை உக்குவளை பிரதேச சபைக்கும், வீதிக்குப் பொறுப்பான அதிகார சபைக்கும், பொலிஸ் நிலையத்துக்கும் அனுப்பு. தமிழிலேயே எழுது. அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உனக்கு உரிமை தந்திருக்கிறது, யாரிடமும் மொழிபெயர்ப்புக்குக் கெஞ்ச வேண்டாம். பதிவுத் தபாலில் போடு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடு: எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், இந்த வளைவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், வேலை எந்தத் திகதியில் தொடங்கும்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்து யாருடையது என்று கூட்டத்தில் கேட்பார்கள். அப்போது குனிந்து கதிரையைப் பார்க்காதே, கையைத் தூக்கு.