சுவரும் சித்திரமும்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது நம் முன்னோர் மொழி. உடலைப் பேணாதவனுக்கு உயர்ந்த நோக்கங்களால் பயன் இல்லை என்பதை உணர்த்தவே பெரியோர் இதனை வழங்கி வந்தனர். ஆனால், பட்டணத்துத் தெருச் சுவர்கள்மீதே சித்திரம் எழுதுவது பெருகிவிட்ட இக்காலத்தில், இப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்து ஆராய வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கின்றது. ஒரு சுவரிலுள்ள சித்திரத்தைக் கண்டு களிக்கும் நாம், அச்சுவருக்கும் அதன் பின்னே வாழ்ந்தோருக்கும் ஏதேனும் கடமைப்பட்டிருக்கின்றோமா? அன்றி, களிப்பதோடு நம் வேலை தீர்ந்துவிட்டதா? இவ்வினாவையே நேயர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

தெருச் சித்திரத்திற்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். கலைக்கூடத்துச் சித்திரத்திற்கு ஒரு வாயில் உண்டு. வாயிலுக்கு ஒரு காவலாளி உண்டு. உள்ளே புகச் சீட்டு வேண்டும். புகுந்தபின், ‘இது நமக்கு விளங்குமா’ என்னும் கூச்சத்தை அடக்கும் துணிவும் வேண்டும். நம் கோயிற் சித்திரங்களுக்கும் அவ்வாறே வாயில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றிலே, பிற்காலப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்த சோழர் காலத்துச் சித்திரங்கள் 1931-ஆம் ஆண்டில் வெளிச்சத்திற்கு வந்தன. அறிஞர் உலகம் அவற்றைக் கொண்டாடிற்று. ஆனால், சென்னை மாகாணத்தில் எல்லா வகுப்பாரும் கோயிலுக்குள் புகலாம் என்பதை உரிமையாக்கிய சட்டமோ 1947-இல்தான் வந்தது. கண் இருந்தும் காணும் உரிமை இல்லாதார் எத்தனை தலைமுறையினர்! தெருச் சுவருக்கு இவ்வித வாயில் இல்லை. மூட்டை சுமப்பவரும் அதனைக் காணலாம். சந்தைக்குப் போகும் தாயும் காணலாம். பள்ளிக்கூடம் செல்லும் சிறுவன் நின்று காணலாம். குலமும் கேளாமல், காசும் கேளாமல் எல்லார்க்கும் காட்சி தருவது தெருச் சித்திரம். இந்த ஒரு குணத்திற்காகவே அதனை நாம் வரவேற்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

இதற்கு நம் நாட்டிலே தக்க உதாரணம் பினாங்கின் தலைப்பட்டணமாகிய ஜார்ஜ் டவுன். 2012-ஆம் ஆண்டில் அங்கு நடந்த கலைவிழாவிற்காக, லிதுவேனியா நாட்டில் பிறந்த எர்னஸ்ட் ஸகரேவிச் என்னும் இளைஞர் சில சுவர்களில் சித்திரம் தீட்டினார். ஆர்மேனியன் தெருவில் உள்ள ஒன்றே அவற்றுள் மிகுந்த கீர்த்தி பெற்றது. அக்காள் ஒருத்தி சைக்கிள் மிதிக்கின்றாள். பின்னால் அமர்ந்த தம்பி அவளைக் கட்டிக்கொண்டு ஆனந்தத்தால் கூவுகின்றான். பிள்ளைகள் இருவரும் வர்ணம். சைக்கிளோ சுவரில் பொருத்தப்பட்ட மெய்யான பழைய சைக்கிள். ஆ குவீ தெருவிலும் அவ்வாறே, சிறுவன் ஒருவன் மெய்யான மோட்டார் சைக்கிள்மேல் அமர்ந்து திரும்பிப் பார்க்கின்றான். பிரயாணிகள் இச்சுவர்களின்முன் வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராகப் படம் பிடித்துக்கொள்வது அன்றாடக் காட்சியாகிவிட்டது.

இச்சித்திரங்களில் நம் மனம் ஏன் ஈடுபடுகின்றது என்று சற்றே நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஓவியர் சுவர் முழுவதற்கும் வெள்ளையடித்துப் புதிதாக்கிவிட்டு எழுதவில்லை. உரிந்த சுண்ணாம்பு, மழைநீர் வழிந்த கறை, வெளியே தெரியும் செங்கல், சுவரின் பழைய கதவு ஆகியவற்றை இருந்தபடியே விட்டு, அவற்றிடையே பிள்ளைகளை உலவவிட்டார். அந்தக் கறையையும் வெடிப்பையும் நீக்கிவிட்டு, அதே அக்காள் தம்பியரைப் புதிய கட்டடம் ஒன்றின் வழவழப்பான சுவரில் எழுதிப் பாருங்கள். பாதி உயிர் போய்விடும். ஆகவே, அங்கே சித்திரத்தின் செம்பாதி சுவரேயாகும். நாம் ‘அழகு, அழகு’ என்று வியப்பது, ஒருவர் சில தினங்களில் தீட்டிய வர்ணத்தை மட்டுமா? அச்சுவரின் நிழலில் பல தலைமுறையாகச் சமைத்து, தைத்து, விற்று, பிள்ளை பெற்று வளர்த்தவர்களுடைய வாழ்வின் தேய்மானத்தையும் சேர்த்தே வியக்கின்றோம். அவ்வாறாயின், அவர்கள் யார், இப்பொழுது எங்கே என்று கேட்பது சித்திரத்தைவிட்டு விலகிப் போவதாகாது. சித்திரத்தின் மறுபாதியைப் பார்ப்பதேயாகும்.

அந்த மறுபாதியின் வரலாறு இது. 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. அச்சட்டத்திற்கு உட்பட்ட கட்டடங்கள் நாட்டிலேயே மிகுதியாக இருந்த இடம் பினாங்கு. அற்ப வாடகை கொடுத்துக்கொண்டு கடைவீடுகளில் குடியிருந்தோர் பலர்: பிரம்பு பின்னுவோர், சொங்கோக் தொப்பி தைப்போர், பெயர்ப்பலகை செதுக்குவோர், ஊதுபத்தி உருட்டுவோர், ஐந்தடி நடைபாதையில் பலகாரம் விற்போர். வாடகை அற்பமாயிருந்தமையால் வீட்டுக்காரர் செப்பனிட மனங்கொள்ளாமல் பல வீடுகள் பாழாயின என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தவணைக் காலம் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தவுடன் வாடகை ஏறிற்று. கொடுக்க இயலாதோர் மூட்டை கட்டினர். 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அதன்பின், அவ்வத்தெருவின் பழைய தொழில்களையும் கதைகளையும் காட்டும் இரும்புக் கம்பி உருவங்கள் சுவர்களில் ஏறின. 2012-இல் வர்ணச் சித்திரங்கள் வந்தன. வரிசையை ஊன்றிக் கவனியுங்கள்: முதலில் குடிகளிற் பலர் போயினர், அதன்பின் அக்குடிகளின் வாழ்வைப் போற்றும் சித்திரங்கள் வந்தன.

இதற்காக ஓவியர்மீது பழி சுமத்துவது அநீதி. அவர் வருமுன்பே நடந்து முடிந்தது அது. எஞ்சியிருந்த வாழ்வை அன்போடு தீட்டியவர் அவர். நம் கேள்வி காண்போரைப் பற்றியது. தொப்பி தைக்கும் முதியவர் தையற்பொறிமுன் குனிந்திருந்தபோது, அவரைத் திரும்பிப் பாராமல் அத்தெருவைக் கடந்தவர் எத்தனை பேர்! அவர் இரும்புக் கம்பியாய் வளைந்து சுவரில் ஏறியபின், அவருடன் நின்று படம் பிடித்துக்கொள்ளக் கூட்டம் கூடுகின்றது. உயிருள்ளவர் வாடகை கேட்பார், கூலி கேட்பார், இருமுவார், வழியை அடைத்துக்கொண்டு உட்காருவார். சித்திரமோ ஒன்றும் கேளாது. ஒன்றும் கேளாதவரிடம் அன்பு செலுத்துவது எளிது. அவ்வன்பை அன்பென்று சொல்லத் தகுமா?

‘கலையை இவ்வாறு கடனாளியாக்குதல் தகாது, அழகு அழகுக்காகவே, களைத்து வந்தவன் சற்று மகிழட்டும்’ என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. சைக்கிளில் போகும் பிள்ளைகளைக் கண்டு சிரிக்கும் குழந்தையிடம் சென்று வாடகைச் சட்டம் போதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அன்றியும், இச்சித்திரங்களால் வந்த கூட்டத்தை நம்பி ஐஸ் கச்சாங் விற்பவரும், டிரைஷா மிதிப்பவரும் நாலு காசு காண்கின்றனர் என்பதும் மெய்யே. ஆனால், மகிழ்ச்சி வேறு, மறதி வேறு. மகிழ்ச்சியின் பேரால் மறதியை வளர்ப்பதையே நாம் மறுக்கின்றோம். விருந்து உண்டவன் சமைத்தவளை நினைப்பதனால் உணவின் சுவை குறைவதில்லை.

ஒன்றும் கேளாத சித்திரத்திற்குத்தான் உலகில் இடம் உண்டு என்பதற்கு வேறு சான்றுகளும் உள. 1933-இல் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் மாளிகையில், மெக்ஸிகோ நாட்டு ஓவியர் டியகோ ரிவேரா ஒரு பெருஞ் சித்திரம் தீட்டினார். உழைப்பாளர் உருவங்கள் இருந்தவரை மறுப்பில்லை. அவர்களிடையே லெனினுடைய முகம் தோன்றியவுடன் வேலை நிறுத்தப்பட்டது; 1934-இல் அச்சித்திரம் சுவரோடு கொத்தி எடுக்கப்பட்டது. நமக்கு அண்மையிலோ, ஜார்ஜ் டவுனில் கொண்டாடப்பட்ட அதே ஸகரேவிச், 2013-இல் ஜொகூர் பாருவில் ஒரு கட்டட மூலையில் வேறொரு சித்திரம் எழுதினார். விளையாட்டுப் பொம்மை போன்ற பெண்ணொருத்தி கைப்பையுடன் நடந்து வருகின்றாள். திருப்பத்திற்கு அப்பால் கத்தியேந்திய திருடன் பதுங்கியிருக்கின்றான். நகரில் வழிப்பறி குறித்து ஜனங்கள் அஞ்சியிருந்த காலம் அது. சில தினங்களுக்குள் நகராட்சி அதன்மேல் வெள்ளையடித்துவிட்டது. சைக்கிளிற் செல்லும் பிள்ளைகளைச் சுவரில் வைத்திருக்கலாம். பதுங்கிய திருடனை வைத்திருக்கலாகாது. ஏனெனில் முன்னது நேற்றைய நினைவு. பின்னது இன்றைய முறைப்பாடு. வெள்ளையடித்ததனால் திருடன் ஒழிந்தானா என்பதை நேயர்களே யோசிக்கலாம்.

தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நம்போன்றோர்க்கு இது பட்டணத்து விவகாரம் மட்டுமன்று. ஜார்ஜ் டவுனின் கிள்ளான் தெருச் சுவரில், ஜூலியா வோல்ச்கோவா என்னும் ரஷ்ய ஓவியர் இந்தியப் படகோட்டி ஒருவரை ஆளுயரத்திற்கும் மேலாகத் தீட்டினார். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற அத்தொழிலில் தமிழரின் வியர்வை மிகுதி. அம்முகத்தைச் சுவரில் காணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. அவ்வாறே, தலையில் துணி கட்டி, வாளியும் மங்கும் ஏந்திப் பால்மரத்தடியில் நிற்கும் தமிழ்ப் பெண்ணைச் சித்திரமாகக் காணும்போதெல்லாம், ‘இவர் நம் பாட்டி’ என்று உள்ளம் பூரிக்கின்றது. பூரிக்கட்டும். ஆயினும், பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளானபோதும், லயத்து வீட்டைவிட்டு வெளியேறிய அப்பாட்டிக்கு இருக்க இடம் எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்டவரும் இருந்தனர், அவர் தொகை மிகச் சிறிது.

நேற்றையவரைக் குறித்து வருந்துவதும் ஒருவகையில் எளிதே. இன்றையவரை என் செய்கின்றோம்? இன்று பல தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்போர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால், தலைக்குமேல் தொங்கும் செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளுகின்றனர். செக்ரோலில் அவர்கள் பெயர் உண்டு. அப்பெயரைப் பிழையின்றி உச்சரிப்போர் நம்மில் எத்தனை பேர்? நம் பாட்டனாரைக் கூலி என்று இகழ்ந்தது இவ்வுலகம். அவ்வசையின் வடுவை இன்றும் நெஞ்சில் தாங்கும் நாமே, புதிதாய் வந்த உழைப்பாளியை ‘அந்நியன்’ என்று ஒதுக்கிப் பேசக் கேட்கின்றோம். ஐம்பது ஆண்டு கழித்து ஏதோ ஒரு பட்டணத்துச் சுவரில் எவரோ ஓர் ஓவியர் இவர்களையும் அழகாய்த் தீட்டக்கூடும். அன்று நம் பேரப்பிள்ளைகள் அதன்முன் நின்று படம் பிடித்து, ‘என்ன அருமையான மனிதர்கள்’ என்பர். அச்சொல்லை இன்று, அவர்கள் காது கேட்க, நாம் சொன்னால் ஆகாதா?

ஆகவே, தெருச் சித்திரத்தைக் கண்டு மகிழ்வோர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. கூட்டத்தோடு நின்று படம் பிடித்தபின், ஒரு கணம் தாமதியுங்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள். அது எவருடைய வீடு, எத்தொழில் அங்கே நடந்தது என்று அருகிலுள்ளோரைக் கேளுங்கள். ஜார்ஜ் டவுனை விட்டு எல்லாரும் போய்விடவில்லை. இன்னும் ஊன்றி நிற்கும் கைவினைஞர் சிலர் உளர். சித்திரத்தின்முன் கால்மணி நேரம் நிற்பவர், அவரது கடைவாயிலில் ஐந்து நிமிஷமேனும் நிற்கலாம். பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கலாம். வாடகையை எண்ணிக் கலங்கும் குடிகளின் குரல் பத்திரிகையில் வரும்போது, ‘இது நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டாமல் இருக்கலாம். இவையெல்லாம் பெரிய தியாகங்கள் அல்ல. ஆனால், காண்பவனுக்கும் காணப்படுபவனுக்கும் இடையே மனித உறவு உண்டாவது இத்தகைய சிறு செயல்களால்தான்.

வெயிலும் மழையும் ஓயாத நம் நாட்டிலே சுவர்ச் சித்திரம் நெடுநாள் நிற்பதில்லை. வர்ணம் வெளுக்கும், பூச்சு உதிரும். மங்கிய சித்திரத்தை மீண்டும் தீட்டலாமா, விட்டுவிடலாமா என்று நகரத்தார் கூடி விவாதிப்பர். விவாதிக்கட்டும், அது நல்லதே. அவ்விவாதத்தில், அச்சுவருக்குப் பின்னே வாழ்வோர் அங்கே நிலைத்திருக்க வழி என்ன என்பதையும் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்பதே நம் விண்ணப்பம். முன்னோர் சொன்ன சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. அதில் சாய்ந்து இளைப்பாறும் மனிதருமே அச்சுவர். அவர்களைக் காத்தால், வெளுத்த சித்திரத்தை எந்த நாளும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.