முடிவில்லா நரகமும் முடிவில்லா அன்பும்

ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனங்களைச் சுற்றி எழுந்துள்ள அடுக்ககங்களில் மாலை வேளைகளில் தமிழ் முதியோர் பலரைக் காணலாம். பிள்ளைகளோடு வாழ வந்து, பேரக் குழந்தைகளின் கைபிடித்து நடப்பவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர் முத்துக்குளித்துறையைச் சேர்ந்த கிறித்தவப் பெரியவர். நாள்தோறும் செபம் தவறாதவர். சென்ற மழைக்காலத்தில் அவருடைய தமையனார் ஊரில் மறைந்தார். தமையனார் இளமையிலேயே பகுத்தறிவு நெறியை மேற்கொண்டு கோயிலைத் துறந்தவர். ஆயினும் தந்தை மறைந்தபின் உப்பளத்தில் உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவரும் அவரே. சில நாள் கழித்துப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, என்னைப் படிக்க வைத்த அண்ணன் எரிந்துகொண்டிருக்க, நான் மட்டும் மோட்சத்தில் எப்படி மகிழ்ந்திருப்பேன்?"

அன்று விடை சொல்ல இயலாமல் வீடு திரும்பினேன். அவர் வினாவை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

பழைய கண்ணீர்

இவ்வினா புதியதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பணியாற்றிய புனித சவேரியார் 1549-இல் சப்பான் நாட்டை அடைந்தார். அங்கே புதிதாக மறையைத் தழுவியோர், அதனை அறியாமலே இறந்துபோன தம் பெற்றோரும் முன்னோரும் என்ன ஆவர் என்று கேட்டனர். செபத்தாலோ தருமத்தாலோ அவர்களை மீட்க வழியுண்டா என்று அழுதனர். நரகம் புகுந்தோர்க்கு மீட்சியில்லை என்பதே அவர் தந்த விடை. 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதனை அவரே குறித்துள்ளார்; அன்பர்கள் அழக் கண்டு தம் உள்ளமும் வருந்தியதை அவர் மறைக்கவில்லை. கொள்கை ஒன்று சொல்ல, நெஞ்சம் வேறொன்று சொல்லிற்று.

நரகம் வேண்டும் என்போர்

எனினும், நரகம் என்பதே வெறும் அச்சுறுத்தல் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த ஏழை உழவர் குடும்பத்தார் 44 பேர் தீயில் மாண்டனர். குற்றம் சாட்டப்பெற்ற நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். கொடுமை செய்தவனும் அதற்கு ஆளானவனும் இறுதியில் ஒரே பந்தியில் அமர்வார்கள், இடையில் எதுவும் நிகழாது என்று கூறும் சமயம், அந்தக் குழந்தைகளின் சாம்பலுக்கு என்ன மறுமொழி கூறும்? மண்ணில் கிட்டாத நீதி எங்கேனும் கிட்ட வேண்டும் என்பது எளியோரின் நெஞ்சக் குமுறல். அன்பின் பெயரால் அதனை அடக்குவது அன்பாகாது.

நரகம் முடிவற்றது என்போரும் காரணமின்றிக் கூறவில்லை. நிலைவாழ்வுக்கும் தண்டனைக்கும் மறைநூல் ஒரே அடைமொழியைத் தருகின்றது. ஒன்று முடிவற்றதாயின் மற்றதும் அவ்வாறே என்றார் புனித அகுஸ்தீன். அளவற்ற பெருமையுடைய இறைவனுக்கு எதிரான பிழைக்கு அளவற்ற தண்டனையே தகும் என்பது 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் கூறிய காரணங்களுள் ஒன்று. அன்பை வலிந்து புகுத்த இயலாது, மறுப்பவனை அவன் விருப்பத்திற்கே இறைவன் விட்டுவிடுகிறான் என்பர் இக்காலத்தார்.

எடைபோட்டுப் பார்த்தால்

அடைமொழியை முதலில் நோக்குவோம். அக்கிரேக்கச் சொல் ஊழிக்குரியது என்றும் பொருள்படும். கிரேக்க மொழியிலேயே வாழ்ந்த 3-ஆம் நூற்றாண்டின் ஓரிஜனும், 4-ஆம் நூற்றாண்டின் நீசா நகர் கிரகோரியாரும், இறைவனது தீ தூய்மை செய்யும் தீயே, இறுதியில் எல்லா உயிரும் மீளும் என்று நம்பினர். ஓரிஜன் பெயரால் வழங்கிய கொள்கைகள் 553-இல் கண்டனத்துக்கு உள்ளாயின. 1853-இல் முடிவற்ற தண்டனையைக் குறித்து ஐயம் எழுப்பிய மாரிஸ் என்னும் அறிஞர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் தம் பதவியை இழந்தார். கண்டனங்களால் வினா மடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் நரகம் உண்டென்று கற்பிக்கின்றதே தவிர, இன்னார் அங்கிருக்கின்றார் என்று ஒரு மனிதரைக்கூட இதுவரை பெயர் சுட்டி அறிவித்ததில்லை.

அடுத்து, பிழைக்குள்ளானவரின் பெருமையால் தண்டனையை அளக்கும் முறை. இம்முறையை நம் நாடு நன்கறியும். உயர்ந்தோர் எனப்பட்டோர்க்கு இழைத்த பிழைக்குக் கடுந்தண்டனையும், தாழ்ந்தோர் எனப்பட்டோர்க்கு இழைத்த அதே பிழைக்குச் சிறு தண்டமும் விதித்த பழைய சட்டங்களை இன்று அநீதி என்கிறோம். மனிதரிடத்தே அநீதியாவது இறைவனிடத்தே எவ்வாறு நீதியாகும்? பிழைத்தவனின் அறிவும் ஆற்றலும் சிறியவை. அவற்றையும் எண்ணிப் பார்ப்பதன்றோ நடுவுநிலை?

உரிமை பற்றிய வாதம் இவற்றினும் வலியது. ஆயினும் கண் மறைந்தவன் பள்ளத்தை நோக்கி நடந்தால், அவன் பள்ளத்தைத் தேர்ந்தான் என்போமா? உயிரின் கண்ணை ஆணவ மலம் மறைத்துள்ளது என்கிறது சைவ சித்தாந்தம். மறைப்பு நீங்கிய பின்னரன்றோ தேர்வு தேர்வாகும்? மேலும், உரிமையை இறைவன் மதிப்பது உண்மையாயின் திரும்பி வரும் உரிமையும் அவ்வுயிர்க்கு என்றும் உண்டு. திரும்பவே இயலாத இடத்தை உரிமையின் பயன் என்று கூறுதல் பொருந்தாது.

தமிழ் மரபின் விடை

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவன் ஒறுப்பதைப் பெற்றோர் பிள்ளையை அடிப்பதற்கு ஒப்பிடுகிறார். இதனையே மறக்கருணை என்பர். அடி உண்டு, வலியும் உண்டு. ஆனால் பிள்ளை திருந்துவதே அதன் நோக்கம். என்றும் ஓயாமல் அடிக்கும் தந்தையைத் தந்தை என்று எவரும் கூறார். எனினும் நம் நாட்டு நெறிகள் யாவும் நரகத்துக்கு முடிவு கண்டன எனலாகாது. சில உயிர்கள் மீளா இருளுக்கே உரியவை என்று மத்துவர் கொண்டார். ஆதலின் இவ்வழக்கு ஒரு சமயத்துக்கும் மற்றொரு சமயத்துக்கும் இடையிலானதன்று. ஒவ்வொரு சமயத்தின் நெஞ்சுக்குள்ளும் நிகழ்வது.

வள்ளுவர் நரகத்தை அளறு என்கிறார். அச்சொல்லுக்குச் சேறு என்பதும் பொருள். சேற்றில் அமிழ்வது மெய்யான துன்பமே; ஆயினும் கரையில் நின்று கைகொடுப்பார் ஒருவர் இருக்கலாம். திருக்கோட்டியூரில் இராமாநுசர் செய்ததும் அதுவே. மறைபொருளை வெளியிட்டால் நரகம் வாய்க்கும் என்று அறிந்தும், பலர் உய்வார்களாயின் தாம் ஒருவர் நரகம் புகுதல் தகும் எனத் துணிந்து அவர் அதனை யாவர்க்கும் உரைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரரும், உடன்பிறந்தார் நரகில் துயருறக் கண்டு, சுவர்க்கம் வேண்டா, இவர்களோடு இங்கேயே இருப்பேன் என்கிறார். மனிதருள் நல்லோர் இத்துணை அன்புடையராயின், அவ்வன்பைப் படைத்தவன் அவர்களினும் குறைந்தவனாக இருத்தல் கூடுமோ?

ஆளந்தியில்

சென்ற கார்த்திகையில் அப்பெரியவரோடு ஆளந்திக்குச் சென்றிருந்தேன். இந்திராயணிக் கரையில் ஞானேசுவரர் 1296-இல் சமாதி கொண்ட தலம் அது. துறவு பூண்டபின் குருவின் ஆணையால் இல்லறத்துக்குத் திரும்பியவர் அவருடைய தந்தை. உயிரை விடுதலன்றி அப்பிழைக்குக் கழுவாயில்லை என்று ஊரார் விதிக்க, பெற்றோர் இருவரும் ஆற்றில் இறங்கி மாண்டனர் என்பது மரபு. அதன் பின்னும் பிள்ளைகள் நால்வரும் விலக்கப்பட்டே வாழ்ந்தனர். முடிவில்லாத் தண்டனை இன்னதென்று அக்குழந்தைகள் இம்மண்ணிலேயே கண்டார்கள்.

அத்தகைய ஒருவர் 1290-இல் ஞானேசுவரியை நிறைவு செய்கையில் என்ன வேண்டினார்? தீயோர் அழிய வேண்டும் என்று அவர் வேண்டவில்லை. அவர்களுடைய கோணல் மட்டும் அழிய வேண்டும், அவர்களுக்கும் நற்செயலில் நாட்டம் வளர வேண்டும் என்பதே அவர் இறைஞ்சிய வரம். தீமை தண்டிக்கப்பட வேண்டுமா, மன்னிக்கப்பட வேண்டுமா என்று நாம் வழக்காடுகின்றோம். தீமை இல்லாமற் போக வேண்டும் என்றார் அவர். ஒருவன் என்றும் நரகில் கிடப்பானாயின் அவனுள் தீமையும் என்றும் வாழும். இறைவனின் வெற்றி என்றும் நிறைவுறாது.

ஆகவே என் எண்ணம் இது. நீதியும் அன்புமுடைய இறைவனிடம் நரகம் இருக்கலாம். வெண்மணியில் தீ வைத்தவன், அந்தத் தீ என்ன செய்தது என்பதைத் தன் நெஞ்சில் முழுதும் உணரும்வரை அது இருந்தே தீரவேண்டும். உணர்ந்து உருகிய பின்னும் எரிப்பது நீதியன்று. உணரவே இயலாதபடி எரிப்பதும் நீதியன்று.

இவற்றையெல்லாம் ஆற்றங்கரையில் பெரியவரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அண்ணனுக்காகச் செபிப்பதால் பயனில்லை என்று எண்ணி இதுவரை நிறுத்தி வைத்திருந்தேன், தம்பி. இன்றிரவு அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார்.