‘ஆகவே’க்கு முன்னால் ஒரு காற்புள்ளி

ஆங்கில இலக்கண ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய வாக்கியங்களில் உலகப் புகழ்பெற்ற ஒன்றும் உண்டு: ‘ஐ திங்க், தேர்ஃபோர் ஐ ஆம்’, அதாவது ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’. இரண்டு முழு வாக்கியங்கள், நடுவில் ஒரு ‘தேர்ஃபோர்’. பாடப்புத்தக விதிப்படி அதற்கு முன்னால் அரைப்புள்ளி வர வேண்டும், காற்புள்ளி போதாது. ‘அண்ட்’, ‘பட்’ போன்றவை தம் இடத்தை விட்டு அசையாத இணைப்புச் சொற்கள். ‘தேர்ஃபோர்’, ‘ஹவெவர்’ வகையறா அப்படியல்ல. வாக்கியத்தின் தலையிலும் உட்காரும், இடுப்பிலும் உட்காரும், வாலிலும் உட்காரும். நிலையாக நிற்காத சொல்லை நம்பி இரண்டு வாக்கியங்களைக் கட்டக்கூடாது என்பதுதான் விதிக்குப் பின்னால் உள்ள நியாயம்.

விதிவிலக்கும் இருக்கிறது. இரண்டு வாக்கியங்களும் மிகச் சிறியவையாக, ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் காற்புள்ளி போதும் என்று அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் வெளியிட்ட கையேடு சலுகை தருகிறது. மூலத்திலோ குற்றமே இல்லை. தத்துவவாதி ரெனே டேக்கார்ட் அதை முதலில் அச்சேற்றியது 1637இல், லைடன் நகரில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த நூலில், பிரெஞ்சு மொழியில். அங்கே ‘ஆகவே’ என்று பொருள்படும் ‘தோங்க்’ முறையான இணைப்புச் சொல்.

இலக்கணத்தில் தப்பியவர் தத்துவத்தில் மாட்டிக்கொண்டார். சிந்திக்கிறேன் என்பதிலிருந்து இருக்கிறேன் என்பதற்கு அவர் ஓர் அடி எடுத்து வைத்தாரா, அல்லது இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தனவா? அடி எடுத்து வைத்தார் என்றால், ‘சிந்திப்பதெல்லாம் இருக்கும்’ என்ற பொதுவிதி அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கிளம்பியவர் அந்த விதியை மட்டும் எப்படி விட்டுவைத்தார்?

எதிரிகள் இதைக் கேட்டார்கள். டேக்கார்டுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 1641இல் லத்தீனில் வெளியான ‘தியானங்க’ளின் இரண்டாம் பகுதியில் ‘ஆகவே’யைக் காணோம். எல்லாம் வல்ல ஒரு வஞ்சகன் எவ்வளவுதான் ஏமாற்றினாலும், ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும். நான் இருக்கிறேன் என்று நினைக்கும்தோறும் அது மெய்யாகிவிடுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். பிறகு 1644இல் வந்த நூலில் ‘ஆகவே’ லத்தீன் ‘எர்கோ’வாக மறுபடி உள்ளே நுழைந்துவிடுகிறது. உலகம் மனப்பாடம் செய்துகொண்டது இந்த வடிவத்தைத்தான். 1641இன் வடிவமே வலுவானது. ஆனால் அதைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொள்ள முடியாது.

ஏன் வலுவானது என்பதற்குக் காரணம் கடவுள். டேக்கார்டின் கணக்கில், மனம் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை சந்தேகத்துக்கு இடமில்லை. பார்வை அடுத்த படிக்கு நகர்ந்துவிட்டால் முந்தைய படி வெறும் நினைவாகிவிடும். நினைவை நம்ப வேண்டுமானால், நம்மை ஏமாற்றாத ஒரு கடவுள் இருக்கிறார் என்ற உத்தரவாதம் வேண்டும். ஆக, ‘சிந்திக்கிறேன்’ என்று சொல்லி, காற்புள்ளியில் மூச்சு வாங்கி, ‘ஆகவே’ என்று தொடங்குவதற்குள் முதல் பாதி பழைய செய்தியாகிவிட்டால், அந்த இடைவெளிக்குள் வஞ்சகன் புகுந்துவிடலாம். அவனைத் தடுக்கக் கடவுள் அங்கே காவல் நிற்க வேண்டும். அவரையோ டேக்கார்ட் இன்னும் நிரூபிக்கவில்லை. மூன்றாம் தியானத்தில்தான் அந்த வேலை தொடங்குகிறது.

இதே வளையத்தை முழு வடிவில் பிடித்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகாத பாரிஸ் இறையியலாளர் அந்துவான் அர்னோ. தெளிவாகத் தெரிவது உண்மை என்பதற்குக் கடவுள் பொறுப்பு. கடவுள் இருக்கிறார் என்பதற்கு அது தெளிவாகத் தெரிவது பொறுப்பு. இதில் எது முதல்? உத்தரவாதம் வேண்டியிருப்பது நினைவுக்குத்தான், கண்முன் இருக்கும் தெளிவுக்கு அல்ல என்று டேக்கார்ட் பதில் சொன்னார். அந்தப் பதில் நிற்க வேண்டுமானால் அவருடைய முதல் உண்மை ஒரே பார்வையில் முடிந்தாக வேண்டும். அதாவது, காற்புள்ளி எழுத்தில் இருக்கலாம், மனத்தில் இருக்கக்கூடாது.

வேறொரு தரப்பிலிருந்து வேறொரு குறிப்பும் வந்தது. ஏமாறுகிறேன் என்றால் நான் இருக்கிறேன் என்று புனித அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலில் முன்பே வாதிட்டிருக்கிறாரே என்று கொல்வியஸ் என்ற டச்சு மதகுரு எழுதினார். 1640 நவம்பரில் டேக்கார்ட் அனுப்பிய பதில் சுவையானது: இன்றே நகர நூலகத்துக்குப் போய் அதைப் படித்தேன், நன்றி என்கிறார். கூடவே, அகஸ்டின் அதிலிருந்து நம்முள் திரித்துவத்தின் சாயலைக் காட்டப் போகிறார், நானோ சிந்திக்கும் ‘நான்’ உடலற்ற பொருள் என்று காட்டப் போகிறேன் என்று வேலி போட்டுக்கொள்கிறார். இவ்வளவு எளிய விஷயம் யார் பேனாவிலும் வந்திருக்கக்கூடியதுதான் என்றும் ஒரு வரி. பெருமையை விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரிகிறது, விட்டுக்கொடுக்கவில்லை.

‘நடக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்றால் ஆகாதா என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. நடப்பது கனவாக இருக்கலாம். நடப்பதாகத் தோன்றுவதைச் சந்தேகிக்க முடியாது.

1648 ஏப்ரலில் எக்மொண்ட் கிராமத்தில் இருந்த டேக்கார்டைப் பார்க்க ஃபிரான்ஸ் பர்மன் என்ற இளம் இறையியல் மாணவர் வந்தார். நூல்களைக் கரைத்துக் குடித்திருந்த பர்மன் நேராகவே கேட்டார்: ‘தியானங்க’ளுக்கு வந்த ஆட்சேபங்களுக்கு நீங்கள் எழுதிய பதில்களில் பொதுவிதி முதலில் தேவையில்லை என்கிறீர்கள், 1644 நூலில் அது முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்களே? விதி உள்ளுக்குள் எப்போதும் முன்பே இருக்கிறது, ஆனால் நான் அதைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. எனக்குள் நேர்வதைத்தான் கவனிக்கிறேன் என்பது டேக்கார்டின் பதில். பர்மனின் குறிப்புகள் 1896 வரை அச்சேறாமல் கிடந்தன. 1962இல் ஃபின்லாந்துத் தத்துவவாதி யாக்கோ ஹிந்திக்கா, டேக்கார்டின் வாக்கியம் அனுமானம் என்பதைவிட ஒரு செயல் என்று எழுதினார்: ‘நான் இல்லை’ என்று யாராவது வாய்திறந்து சொல்லிப் பார்த்தால், சொல்வதே சொன்னதைக் கவிழ்த்துவிடும். அந்த வாசிப்பில் ‘ஆகவே’க்குப் பெரிய வேலை ஏதும் மிஞ்சுவதில்லை.